கயிற்றை விட்டவன்

மெல்பேணில் தொண்ணூறுகளில் இருந்தவர்கள், காஸ் அடைத்த பெரிய பலூனைப்போன்ற அந்த ஆகாயக் கப்பலைக் கண்டிருப்பார்கள். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் மைதானத்துக்கு மேலே, வயிற்றில் ஒரு கொம்பனியின் பெயரை எழுதிக்கொண்டு, வேலைவெட்டி இல்லாத பணக்காரனைப்போல மிதந்துகொண்டிருக்கும். சனம் அண்ணாந்து பார்த்துக் கை காட்டும். ரீவியிலும் காட்டுவார்கள். அது இறங்குகிறபோது மூக்கிலிருந்து தொங்குகிற கயிறுகளை ஓடிப்போய்ப் பிடிக்கிற ஆட்களை மட்டும் ஒருத்தரும் பார்ப்பதில்லை. நான் அந்த ஆட்களில் ஒருவன்.

எங்கள் சனத்திடம் நான் அப்படிச் சொல்வதில்லை. விமானத் துறையில் வேலை என்பேன். கேட்டவர் என்னை என்ஜினியர் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். என் மச்சான், அதாவது என் மனைவியின் தமையன், இதைப் பொறுக்கமாட்டான். கோயில் மண்டபத்தில் நாலு பேர் இருக்கிற இடத்தில் வேண்டுமென்றே கேட்பான்: "மச்சான், உங்கட மாட்டுக்கு இண்டைக்கு மூக்குக் கயிறு போட்டாச்சோ?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து தனியே இருந்து பல்லைக் கடிப்பேன்.

அவன்தான் எனக்கு மெல்பேணில் இருந்த ஒரே சொந்தம். மல்கிரேவில் ஒரு ரயர்க் கடையில் வேலை செய்தான். லொறிச் சில்லைத் தனியாளாகத் தூக்கி நிமிர்த்துவான். அவ்வளவு பலம். வாயும் அவ்வளவு பெரிது.

என் மனைவி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். கலியாணம் கட்டி மூன்று கிழமை சேர்ந்திருந்தோம். பிறகு நான் திரும்பி வந்துவிட்டேன். அவள் தமிழருக்கென்று இருந்த பொலிஸ் பதிவுக்கு அலைந்துகொண்டும், பொழுதுபட்டால் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டும் அங்கே கிடந்தாள். தொலைபேசியில் அழமாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். அவளை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் விஷயத்தைப் பார்த்த சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைத்தான் பாடினார்: உமக்கு நிரந்தர வேலை ஒன்று வேண்டும், அது இல்லாமல் இது இழுபடும். என்னுடைய வேலையோ கப்பல் பறக்கிற நாளுக்கு மட்டும்தான். பறக்காத நாளில் நான் ஒன்றுமில்லை.

எங்கள் போர்மன், அதாவது கயிறு பிடிக்கிறவர்களை மேய்க்கிறவன், இங்கிலாந்தில் பிறந்த வெள்ளைக்காரன். அறுபதை நெருங்கியவன். கண்டிப்பான ஆள், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டான். சீசன் முடியும்போது ஒருத்தனை நிரந்தரமாக எடுப்பேன், அது நீயாக இருக்கலாம் என்று அவன் என்னிடம் சொல்லியிருந்தான். அதோடு இன்னொன்றும் சொன்னான். கப்பலுக்கு ஏதாவது நடந்தால் கொம்பனி அதைச் சுருட்டிக்கொண்டு போய்விடும், பிறகு நிரந்தரமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு கயிறு பிடிக்க ஆள் போதாமல் இருந்தது. இளம் வெள்ளைக்காரப் பெடியள் வருவான்கள், வெயிலில் இரண்டு நாள் நின்றுவிட்டுக் காணாமல் போய்விடுவான்கள். உனக்குத் தெரிந்த பலமான ஆட்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்றான் போர்மன்.

ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்று ஆள் பிடித்தேன். முதல் ஆளாக மச்சான் வந்தான், தங்கச்சிக்காக. அவனோடு ஐந்து பேர் வந்தார்கள். எல்லாரும் யாழ்ப்பாணத்தார், எல்லாரும் மச்சானை அண்ணை என்று கூப்பிடுகிறவர்கள், எல்லாருக்கும் தேர் இழுத்துத் தழும்பேறின கை.

போர்மன் அவர்களைப் புல்வெளியில் இருத்தி விதியைச் சொன்னான். நான் தமிழில் சொன்னேன். விதி லேசானது. கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. பிடி என்றால் எல்லாரும் பிடிக்கவேண்டும். விடு என்றால் எல்லாரும் அந்தக் கணமே விடவேண்டும். காற்றுத் தூக்கினால் கப்பல் மேலே போகட்டும், உள்ளே ஓட்டி இருக்கிறான், என்ஜின் ஓடுகிறது, அவன் பார்த்துக்கொள்வான். ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டு நின்றால், பிடித்தவன் செத்தான்.

ஏன் அப்படி என்பதற்கு அவன் தன் தகப்பனின் கதையைச் சொன்னான். தகப்பன் முதலாம் உலகப்போர் நேரம் இளவயதில் கடற்படையில் இருந்தவர். ஆகாயக் கப்பல்கள் புதிதாக வந்த காலம். கடலுக்கு மேலே நீர்மூழ்கிகளைத் தேடிக்கொண்டு திரிந்த ஒரு கப்பலில் அவர் வேலை செய்தார். ஒரு நாள் நடுக்கடலில் புயல் பிடித்துவிட்டது. என்ஜின் நின்றுவிட்டது. துணியாலும் கம்பியாலும் செய்த அந்தக் கப்பலைக் காற்று கடதாசியைப்போலக் கொண்டுபோனது. அவர்கள் பாரம் குறைக்கக் குண்டுகளை எறிந்தார்கள், ஆயுதப்பெட்டியை எறிந்தார்கள், சப்பாத்தைக் கழற்றி எறிந்தார்கள், கடைசியில் தேத்தண்ணிக் கேத்திலையும் எறிந்தார்கள். ஒருத்தன் வெளியே கம்பியில் தொங்கிக்கொண்டு போய் என்ஜினைத் திருத்தினான். மழையால் நனைந்து பாரமாகிக் கடலைத் தொடுகிற அளவுக்கு இறங்கி, திரும்ப எழும்பி, விடியக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. கரையில் கயிறு பிடிக்க மாலுமிகள் ஓடி வந்தார்கள். அப்போது கடைசியாக ஒரு காற்று அடித்தது. பாதிப்பேர் விட்டார்கள், பாதிப்பேர் பிடித்தார்கள். பிடித்தவர்களில் ஒருத்தன் மரத்துக்கு மேலே போய் அங்கேயிருந்து விழுந்தான்.

"வானத்தில் அந்தப் புயல் ஒருத்தரையும் கொல்லவில்லை. தரையில் கயிறு கொன்றது" என்றான் போர்மன். இதைச் சொல்லும்போது அவன் எங்களைப் பார்க்கவில்லை.

நான் அதையும் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். மச்சான் தலையாட்டினான். "விளங்குது. தேர் வடம்தானே. இந்த முறை தேர் மேல போகுது, அவ்வளவுதான்." ஒருத்தன் கப்பலின் அடியில் தொங்கிய அறையைக் காட்டி, சாமி உள்ளே இருக்கிறாரோ என்று கேட்டான். இருக்கிறார், கோலா குடிக்கிறார் என்றான் இன்னொருத்தன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போர்மன் என்ன பகிடி என்று கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லை, விளங்கிவிட்டதாம் என்றேன்.

விளங்கித்தான் இருந்தது. அதை நான் இங்கே சொல்லவேண்டும். அவர்களை ஆங்கிலம் தெரியாத காட்டான்கள் என்று பிறகு சொன்னவர்கள் மடையர்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் தேர் இழுக்கிறவனுக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது. தேர் இழுக்கும்போது எல்லாரும் கத்துவார்கள். ஒருத்தன் இழு என்பான், ஒருத்தன் நில் என்பான், மேளம் ஒரு பக்கம், அரோகரா ஒரு பக்கம். கத்துகிற ஒருத்தனின் பேச்சையும் வடம் பிடித்தவன் கேட்பதில்லை. முன்னுக்குப் பிடித்திருக்கிறவனின் முதுகைப் பார்ப்பான். அவன் விட்டால் விடுவான். அவன் விடாமல் தான் விட்டால் அது ஊருக்கே வெட்கக்கேடு.

அது நடந்த அன்றைக்கு வடக்குக் காற்று. அடுப்புக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. மெல்பேண்காரருக்குத் தெரியும், அப்படியான நாளில் பின்னேரம் தென்மேற்கிலிருந்து காற்று திடீரென்று மாறும். மாறின கையோடு சட்டை குளிரும். வீட்டில் யன்னலைத் திறந்துவிட்டு இருக்கிறவனுக்கு அது சந்தோஷம். எங்களுக்கு அது எமன். அதனால் மாறுவதற்கு முன்பே கப்பலை இறக்கி, லொறியில் நட்டிருக்கிற கம்பத்தின் நுனியில் அதன் மூக்கைப் பூட்டிவிடவேண்டும். பூட்டிவிட்டால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கப்பல் அந்தப் பக்கம் திரும்பித் தப்பிக்கொள்ளும்.

கப்பல் வடக்கே மூக்கை வைத்து இறங்கியது. இடது கயிற்றை எங்கள் ஆட்கள் பிடித்தார்கள், மச்சான் முன்னுக்கு. வலது கயிற்றில் நான் முன்னுக்கு, எனக்குப் பின்னால் வெள்ளைக்காரர். கம்பத்தை நோக்கி நடத்திக்கொண்டு போனோம். காற்று மாறும் என்று ரேடியோவில் சொன்ன நேரம் இன்னும் வரவில்லை. ஆனால் தென்மேற்கில் வானம் கறுத்து, அடியில் ஒரு புழுதிச் சுவர் வருவதைக் கண்டேன். தூரத்து வேலி மறைந்தது. பிறகு நாங்கள் வந்த வான் வண்டி மறைந்தது. வடக்குக் காற்று சட்டென்று நின்றது. அப்படி ஒரு அமைதி. பிறகு அடித்தது.

கப்பலின் வாலில் அடித்து அதை அப்படியே குத்தி நிமிர்த்தியது. மூக்கு மேலே போனது. என் குதிக்கால் நிலத்தை விட்டது. போர்மன் விடச் சொல்லிக் கத்தினான். நான் கையைத் திறந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் விட்டார்கள். விட்ட உடனேயே நான் தமிழில் கத்தினேன். விடுங்கோ, எல்லாரும் விடுங்கோ, மச்சான் விடு. என் தொண்டை கிழிந்தது.

அவர்கள் விடவில்லை.

எங்கள் பக்கத்துப் பாரமெல்லாம் அவர்களின் கயிற்றுக்குப் போனது. கப்பல் இடது பக்கம் சரிந்து அவர்களைக் காய்ந்த புல்லில் இழுத்துக்கொண்டு போனது. மச்சான் நிலத்தை விட்டு எழும்பினான். ஒரு ஆள் உயரத்துக்கு மேலே. அவனுடைய கால்கள் ஆகாயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கயிற்றைக் கையில் சுற்றியிருந்தான், சுற்றவே கூடாது என்று சொன்ன அந்தக் கயிற்றை. அவனுக்குக் கீழே ஐந்து பேரும் குந்தி, சரிந்து, இழுபட்டுக்கொண்டு, அவனைப் பார்த்தபடி பிடித்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் ஓடினேன். ஓடி என்ன, பிடிக்கக் கயிறு எட்டவில்லை. வெறுங்கையோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், கிரிக்கெட் பார்க்க வந்த சனத்தைப்போல.

காற்று ஒரு மூச்சு விட்டது. மூக்கு இறங்கியது. லொறிக்காரன் கம்பத்தைக் கொண்டுவந்து அதற்கு நேரே நிறுத்தினான். போர்மன் ஏறித் தன் கையால் பூட்டினான். பிறகுதான் உண்மையான புயல் வந்தது. மழை, ஆலங்கட்டி, முறிந்து பறந்த கொப்புகள். கப்பல் கம்பத்தைச் சுற்றி முழு வட்டம் சுழன்றது. வால் தரையில் அடித்தது, திரும்ப எழும்பியது. உள்ளே ஓட்டி இருந்தான், இறங்க வழியில்லை. நாங்கள் லொறியின் கீழே படுத்திருந்தோம். ஓய்ந்தபோது கப்பல் நின்றது. வால் துணியில் ஒரு கிழிசல், அவ்வளவுதான்.

மச்சானின் தோள் கழன்றிருந்தது. உள்ளே சதையும் கிழிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். உள்ளங்கையில் தோல் இல்லை. அவனை அம்புலன்சில் ஏற்றினார்கள்.

போர்மன் மற்ற ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தி ஏசினான். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றான். அவர்கள் நனைந்த கோழிகளைப்போல நின்றார்கள். பிறகு அவன் என்னிடம் வந்து, அவர்களுக்கு முன்னாலேயே என் தோளில் கை போட்டான். இவன் ஒருத்தனுக்குத்தான் மூளை இருக்கிறது, இவனைத்தான் நான் நிரந்தரமாக எடுக்கப்போகிறேன் என்றான். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் துணிவில்லை. அந்தக் கை இன்னும் என் தோளில் இருப்பதுபோல இருக்கிறது.

வான் வண்டியில் திரும்பி வரும்போது நான் கோபத்தில் கேட்டேன், உங்கள் அண்ணை பைத்தியக்காரன், நீங்கள் ஏன் விடவில்லை என்று. ஒருத்தன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான், "அண்ணை விடேல்லை. நாங்கள் எப்பிடி விடுறது?"

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏசுவதற்குத்தான் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டேன், "உனக்குக் காது கேக்கேல்லையோ?"

"கேட்டது. உன்ர குரல்தான் கேட்டது."

"பிறகேன் விடேல்லை?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "கப்பல் போனா உனக்கு வேலை இல்லை. உனக்கு வேலை இல்லாட்டி அவள் அங்கதானே கிடக்கோணும்."

நான் விதியைச் சொன்னேன். விட்டிருந்தால் ஓட்டி மேலே கொண்டுபோயிருப்பான், கப்பலுக்கு ஒன்றும் நடந்திருக்காது என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "அது சரி, நீ விடேக்க என்னத்தை நினைச்சனீ?" என்றான்.

"ஒண்டும் நினைக்கேல்லை. விடச் சொன்னாங்கள், விட்டன்."

சிரிக்கப் பார்த்தான், தோள் வலித்தது, நிறுத்திவிட்டான். "நல்ல வேலைக்காரன்" என்றான். பிறகு தண்ணீர் கேட்டான். வாயில் ஊற்றிவிட்டேன்.

அவன் பிடித்ததால்தான் கப்பல் தப்பியதா என்று ஒரு நாள் போர்மனிடம் கேட்டேன். இல்லை என்றான், உடனே. அது அதிர்ஷ்டம், விட்டிருந்தாலும் தப்பியிருக்கும் என்றான். கொஞ்ச நேரம் பைப்பில் புகையிலையை அடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் காற்றில் மேலே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் தெரியாது என்றான் பிறகு. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இவ்வளவுதான்.

வேலை நிரந்தரமானது. ஸ்பொன்சர் சரிவந்தது. மனைவி வந்து இறங்கினாள். தமையன் விமான நிலையத்துக்கு வந்து ஒற்றைக் கையால் அவளைக் கட்டிப்பிடித்தான். மற்றக் கை காதுக்கு மேலே எழும்பாது. ரயர்க் கடை வேலை போய் அப்போது ராக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று அவள் கேட்டபோது வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். பெட்டிகளைத் தூக்கி வான் வண்டியில் வைத்தேன். அதுதான் எனக்குச் செய்ய இருந்தது.

உண்மையை அவளுக்குக் கோயில் மண்டபத்தில் பெண்கள் சொல்லிவிட்டார்கள். உங்கட அண்ணை கயிற்றில் தொங்கினவர், உங்கட அவர் விட்டவர். எங்கள் சனத்துக்கு இதைவிட என்ன வேலை. தங்கள் பிள்ளை சோதனையில் கோட்டை விட்டதைச் சொல்லமாட்டார்கள், மற்றவன் கயிற்றை விட்டதைச் சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். அவர்களில் ஒருத்தராவது ஒரு கயிற்றைப் பிடித்தவர்களா? அந்தக் காற்றைக் கண்டவர்களா? என்னை விட்டவர் என்றுதான் கொஞ்சக்காலம் பெயர் சொல்லாமல் சொன்னார்கள். எனக்குக் கோபம். ஆனால் கோபம் வந்த ஒவ்வொரு முறையும் அதன் அடியில் வெட்கம் கிடந்தது. கோபத்தைத் தூக்கினால் அது தெரியும் என்று நான் தூக்காமலே வைத்திருந்தேன்.

மனைவி அன்று வீட்டுக்கு வந்து கறிக்குக் காய் எடுத்து வைத்தாள். நான்தான் கதையைத் தொடங்கினேன். குசினி மேசையில் ஒரு கத்தரிக்காயை வைத்து, அதன் காம்பில் இரண்டு நூல் கட்டி, ஒரு நூலை விட்டால் என்ன நடக்கும், இரண்டையும் விட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு நூலை அவிழ்த்துவிட்டுக் கத்தரிக்காயை வெட்டிக் கறி வைத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வருடக்கணக்காக விளங்கப்படுத்தினேன். காரில் போகும்போது காற்று மாறினால் விளங்கப்படுத்துவேன். அவளுடைய தமையன் சாப்பிட வந்து இடக்கையால் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுப் போனால், அவன் போன பிறகு விளங்கப்படுத்துவேன். அவன் எனக்கு ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மூக்குக் கயிற்றுப் பகிடியைக்கூட விட்டுவிட்டான். அவன் பகிடியை விட்ட இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் அவன் தோளில் இரண்டாவது தடவை சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்கு வந்திருந்தான். நாங்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குசினிக்குள் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து விட்டிருந்தால் இந்தச் சத்திரசிகிச்சைகள் ஒன்றும் வந்திருக்காது என்று தொடங்கினேன். அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"நீங்கள் விட்டது சரி. அண்ணையும் அதைத்தான் சொன்னவர். இத்தனை வருசமா நீங்கள் கயிறைப் பற்றிச் சொல்லுறியள், காத்தைப் பற்றிச் சொல்லுறியள். அந்த நேரம் என்னை நினைச்சனீங்களோ எண்டு நான் உங்களைக் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். நீங்களும் இனி விளங்கப்படுத்தாதேங்கோ."

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் ஒருத்தனும் ஒன்றையும் நினைக்கமாட்டான், கை தானாகத் திறக்கும், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள் என்று சொல்ல வந்தேன். அவளுடைய தமையனும் அதே கணத்தில்தான் நின்றான். அவன் நினைத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் குழாயைத் திறந்து அரிசியைக் களைந்து முடித்தாள். சொன்னபடியே இன்றுவரை கேட்கவில்லை.